வெள்ளகோவிலில் இரண்டு முறை மறைந்த நட்சத்திரம்

கோயம்புத்தூரில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ஆடி மாதத்து வானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற ஓட்டையை வைத்தவன் அதற்குக் கதவு வைக்க மறந்துவிட்டான். மேகம் நாள் முழுவதும் அதன் வழியே வந்துகொண்டிருக்கும். பெய்யாது, போகவும் போகாது. எங்கள் தெருவில் மற்ற அப்பாக்கள் அதைப் பார்த்து மழையைப் பற்றிப் பேசினார்கள். என் அப்பா மட்டும் அதைத் திட்டினார். நட்சத்திரம் தெரியவில்லை என்று மேகத்தைத் திட்டும் மனிதருக்கு மகளாக இருப்பது சிரமம். பள்ளிக்கூடத்தில் இதை யாரிடமும் சொல்ல முடியாது.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பதினொரு வயது. ஓர் ஆடியில் தொடங்கித் தையில் முடிந்த அந்த ஆறு மாதத்தைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை. பத்திரப்பதிவுத் துறையில் முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் எழுதிக் கொண்டுவந்ததைச் சரிபார்த்தே காலம் போய்விட்டது. அதுவும் ஒரு சௌகரியம்தான்.

அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்னர். லேத்தில் இரும்பைக் கடைந்து கடைந்து அவருக்கு அளவில் ஒரு வெறி வந்திருந்தது. எங்கள் டெலஸ்கோப்பை அவரே செய்தார். தடித்த கண்ணாடி வட்டம் ஒன்றை வாங்கி, இன்னொரு கண்ணாடியின் மேல் வைத்து, நடுவில் மாவு மாதிரியான ஒரு பொடியைப் போட்டு, எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்துக் குழியாக்கினார். அந்தச் சத்தம் இன்றும் என் பல்லில் இருக்கிறது. தகரத்தைச் சுருட்டிக் குழாய் செய்தார். அதற்கு மோட்டார் பம்புக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தார், ஏனென்றால் ஒர்க்‌ஷாப்பில் அதுதான் மீதி இருந்தது. என் உயரத்துக்கு மேல் இருந்த அந்தப் பச்சைக் குழாய் எங்கள் ஒற்றை அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றது. அம்மா அதை "உங்கப்பாவோட மூத்த சம்சாரம்" என்பாள்.

வானம் பார்ப்பவர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தது. மொத்தம் ஐந்து பேர். தலைவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், மிஷன் பள்ளியில் இயற்பியல் நடத்துபவர். செயலாளர் பேங்க்கில் வேலை பார்த்தார். பேங்க்கையும் வானத்தையும் ஒரே மாதிரி சந்தேகத்தோடு பார்ப்பவர். மற்ற இருவர் மதுக்கரையிலிருந்து சைக்கிளில் வருவார்கள், அதிகம் பேசமாட்டார்கள்.

அந்த வருடம் பாதிரியாருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கல், சிறுகோள் என்பார்கள், ஆடிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும். அப்போது கல்லின் நிழல் பூமியின் மேல் ஒரு பட்டையாக ஓடும். பட்டைக்குள் நிற்பவருக்கு நட்சத்திரம் சில வினாடிகள் அணைந்து மறுபடி எரியும். அது எத்தனை வினாடி என்று சரியாகக் குறித்துவிட்டால் கல் எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். நிழல் நம் ஜில்லாவின் மேல் போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று கடிதம் சொன்னது. ஐந்து பேரும் இதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி கையில் வாங்கி வாங்கிப் படித்தார்கள்.

பிறகு ஆரம்பித்தது நடைமுறை. நட்சத்திரம் மறைந்தால் "போச்சு" என்று சொல்ல வேண்டும், வந்தால் "வந்துச்சு". வேறு எந்த வார்த்தையும் கூடாது. பக்கத்தில் ரேடியோ ஒன்று நேரம் அறிவிக்கும் நிலையத்தில் வைக்கப்பட்டு, வினாடிக்கு ஒரு முறை டிக் டிக் என்று தட்டிக்கொண்டிருக்கும். ரேடியோவின் சத்தமும் ஆளின் குரலும் ஒரே டேப்பில் பதிவாகும். மறைவு முடிந்த பிறகும் இரண்டு நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது. கண்ணால் பார்ப்பதற்கும் வாயால் சொல்வதற்கும் நடுவில் ஆளுக்கு ஆள் சிறு தாமதம் உண்டு என்பதால் அதையும் அளந்தார்கள். நான் ஸ்கேலை மேலிருந்து விடுவேன், அப்பா இரண்டு விரலால் பிடிப்பார், எந்த அளவில் பிடித்தார் என்று குறித்துக்கொள்வார்கள். ஐவரில் அப்பாவின் விரல்தான் வேகம். அன்று வீட்டுக்கு வரும் வழியில் பஸ் கம்பியைக்கூட அவர் ஒரு கர்வத்தோடுதான் பிடித்தார்.

எனக்கும் ஒரு வேலை தந்தார்கள். டெலஸ்கோப் பார்க்கும் திசையை நான் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு, பத்து வினாடிக்கு ஒரு தடவை, மேகம் இல்லையென்றால் "சுத்தம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லை நான் மூன்று வாரம் ஒத்திகை பார்த்தேன்.

இன்னொன்றும் அந்த மூன்று வாரத்தில் நடந்தது. ஒரு நாள் காலை எட்டு மணி. வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "கரண்ட் போச்சா கண்ணு?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு எழுந்தார். மறுபடி ஒரு நாள், குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்னவென்று கேட்டேன். வலது கண்ணில் யாரோ திரை போட்டு எடுத்த மாதிரி இருக்கிறது, ராத்திரி கண் விழிப்பதால் இருக்கும், அம்மாவிடம் சொல்லாதே என்றார். காலையில் அவருக்குத் தலைவலியும் இருந்தது. அம்மா அதற்கும் மூத்த சம்சாரத்தைத்தான் குற்றம் சொன்னாள். தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் ஒன்று கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். வேறு என்ன தோன்றும் பதினொரு வயதில்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே வானம் அடைத்துக்கொண்டது. ஏற்பாட்டின்படி அப்பா எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்க்க வேண்டும். மதியம் வரை மாடிக்கும் கீழுக்கும் நடந்தார். பிறகு திடீரென்று குழாயைக் கோணிச்சாக்கில் சுற்றினார். கிழக்கே போகப் போக மேகம் குறையும், காங்கயம் தாண்டினால் மழையே தெரியாத பூமி என்றார். பாதிரியாருக்குச் சைக்கிளில் ஆள் அனுப்பிவிட்டு, டேப் ரெக்கார்டர், ரேடியோ, கயிறு, கட்டுச்சோறு, நான் எல்லாம் பஸ் ஏறினோம்.

பல்லடம் வரை ஒரே சாம்பல். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். காங்கயம் தாண்டி இருட்டியதும் அவர் என் கையை அழுத்தினார். எட்டிப் பார்த்தேன். ஒன்று. கொஞ்ச தூரம் போனதும் நான்கைந்து. வெள்ளகோவிலில் இறங்கியபோது தலைக்கு மேல் கொட்டிக் கிடந்தது. கொட்டிக் கிடந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நான் அன்று அதைப் பார்த்தேன்.

பஸ்ஸில் கூட வந்த ஒரு தோட்டத்துக்காரர் தன் கொறங்காட்டில் இடம் தந்தார். கொறங்காடு என்றால் மாடு மேய்வதற்கென்று கிளுவை முள்செடியால் வேலி போட்டு விட்டிருக்கும் புல் பூமி. சுற்றுவட்டாரத்தில் ஒரு விளக்கு இல்லை. காற்று மட்டும் ஆளைத் தள்ளியது. அப்பா டெலஸ்கோப்பின் காலை வேலிக் கல்லோடு சேர்த்துக் கட்டினார். தோட்டத்துக்காரருக்கு பஸ்ஸிலிருந்தே அந்தக் குழாயின் மேல் ஒரு நம்பிக்கை இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஏனுங்க, இதுல தண்ணி எத்தன அடியில இருக்குதுன்னு தெரியுமுங்களா?"

"இல்லீங்க. இது நட்சத்திரம் பாக்கறதுங்க."

"அதுல என்னங்க கெடைக்கும்?"

"யோகமிருந்தா ஒரு பத்து செகண்டு கெடைக்குமுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பரவால்லீங்க. எனக்கு முன்னூறு அடி போட்டும் அதுகூடக் கெடைக்கல," என்று சொல்லிவிட்டுக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். கடைசிவரை போகவில்லை.

பதினொரு மணி தாண்டியதும் ரேடியோ டிக் டிக் என்றது. அப்பா குனிந்து, கழுத்தைத் திருப்பி, கண்ணைப் பதித்தார். அந்த டெலஸ்கோப்பில் தலையைத் தாழ்த்தி ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டால்தான் பார்க்க முடியும். அரை மணி அப்படியே இருந்தார். நான் பத்து வினாடிக்கு ஒரு தடவை "சுத்தம்" என்றேன். தோட்டத்துக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"போச்சு."

டிக் சத்தத்தை எண்ணினேன். ஒன்பது.

"வந்துச்சு."

எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. நடைமுறை அதற்கு இடம் தரவில்லை. "சுத்தம்," என்றேன். இன்னொரு "சுத்தம்". இன்னொன்று. அப்போது அப்பா மறுபடியும் சொன்னார்.

"போச்சு."

நான் வானத்தைப் பார்த்தேன். எங்கும் ஒரு துணுக்கு மேகம் இல்லை.

"வந்துச்சு."

இது நான்கு டிக். இரண்டு நிமிடம் முடிந்ததும் அப்பா டேப்பை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். பிறகு, "ரெண்டு தடவ, கண்ணு," என்றார். இருட்டில் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் சின்னப் பையனுடையது மாதிரி இருந்தது.

"ஒண்ணுக்கு வந்தீங்க, ரெண்டாக் கெடச்சுதுங்களா," என்றார் தோட்டத்துக்காரர். "காட்டோட ராசிங்க."

விடியற்காலை பஸ்ஸில் அப்பா எனக்கு விளக்கினார். இரண்டாவது முறை மறைத்தது வேறு கல்லாக இருக்க வேண்டும். பெரிய கல்லுக்குத் துணையாக ஒரு குட்டிக் கல் கூடவே சுற்றலாம். சிறுகோளுக்குத் துணை உண்டா என்று அன்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. இருக்கிறது என்றால் அதைப் பார்த்தவர்களில் ஒருவர் நம்முடைய வெள்ளகோவில் கொறங்காட்டில் உட்கார்ந்திருந்தவர். "வெளிநாட்டுல அதுக்கொரு லிஸ்டு வச்சிருப்பாங்க கண்ணு. அதுல பேரு ஏறீருமாட்ட இருக்குது," என்றார். எட்டாவது வரை படித்தவர். ஒர்க்‌ஷாப்பில் அவர் கடைந்த எந்தச் சாமானிலும் அவர் பெயர் இருந்ததில்லை.

அடுத்த ஞாயிறு பள்ளி ஆய்வுக்கூடத்தில் சங்கம் கூடியது. மற்ற நால்வரில் மூவருக்கு மேகம். தாராபுரம் பக்கம் போயிருந்த செயலாளருக்கு வானம் தெரிந்தது, நட்சத்திரம் மறையவே இல்லை. நிழல் அவரைத் தொடவில்லை. ஆகவே அப்பாவுக்குச் சாட்சி சொல்ல வேறு ஆளில்லை. டேப்பைப் போட்டார்கள். காற்று, டிக், எங்கோ ஒரு நாய், அப்பா, நான். முதல் மறைவை எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதில் செயலாளர் நிறுத்தினார்.

"அந்த ரெண்டாவது தடவ, பக்கத்துல இருந்த சின்ன நட்சத்திரமும் போச்சுங்களா? இல்ல, இது மட்டும் போச்சுங்களா?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கல் மறைத்தால் ஒரு நட்சத்திரம் மட்டும்தான் போகும். மேகம் மறைத்தால் எல்லாம் போகும். அப்பா ஆய்வுக்கூட மேசையைப் பார்த்தார்.

"நான் அதப் பாக்கலீங்க. என் நட்சத்திரத்தையே பாத்துட்டு இருந்தனுங்க."

செயலாளர், அப்படியானால் மேகம்தான் என்றார். பாதிரியார் டேப்பைத் திருப்பி ஓடவிட்டார். இரண்டு "போச்சு"க்கும் முன்னால், பின்னால், இடையில் எல்லாம் என் "சுத்தம்" அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது. நீ உண்மையிலேயே பார்த்துத்தான் சொன்னாயா என்று கேட்டார்கள். பார்த்துத்தான் சொன்னேன் என்றேன். அது உண்மை. வெளிநாட்டுக்கு அனுப்பும் படிவத்தில் மேகம் என்ற கட்டத்தில் இல்லை என்று பாதிரியார் கோடு போட்டார்.

அதே படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. பார்த்தவரின் உடல்நிலை. அப்பாவிடம் கேட்டார், நலம் என்றார். பாதிரியார் கவனமான மனிதர். கூட்டம் முடிந்து நான் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய அங்கியில் சாக்பீஸ் வாசனை அடித்தது.

"அம்மணி, அப்பாவுக்குக் கண்ணுல ஏதாச்சும் தொந்தரவு உண்டா? தலவலி, அப்பப்பக் கண்ணு இருட்டறது, இந்த மாதிரி?"

நான் குழாயை மூடவில்லை. தண்ணீர் டம்ளரில் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். உண்டு என்று சொன்னால் லிஸ்ட் இல்லை. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் சொன்னேன் என்று பிற்காலத்தில் எத்தனையோ தடவை எனக்கு நானே ஒரு வக்கீலை வைத்துப் பார்த்திருக்கிறேன். கேஸ் நிற்கவில்லை.

"இல்லீங்க ஃபாதர்."

அவர் என் தலையில் கைவைத்தார். உள்ளே போய், "கொழந்த சொல்லீட்டா," என்றார்.

அவரை நான் வெகுநாள் கழித்து மன்னித்துவிட்டேன். டாக்டரிடம் அனுப்ப வேண்டிய இடத்தில் மைனரிடம் சாட்சி கேட்டார். மைனரின் கையெழுத்து செல்லாது என்பது எங்கள் ஆபீஸில் தபால் கட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் இயற்பியல் வாத்தியாருக்கு அதை யார் சொல்வது.

ஐப்பசியில் பதில் வந்தது. அனுப்பியதற்கு நன்றி; இரண்டாவது மறைவு, வேறு எவராலும் உறுதி செய்யப்படவில்லை என்ற குறிப்போடு பட்டியலில் சேர்த்துக்கொள்ளப்படும். அப்பா கடைசிப் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தார். ஒர்க்‌ஷாப்பில், டீக்கடையில், ஒறம்பரையாகப் போன சொந்தக்கார வீடுகளில் எல்லாம் சொன்னார். தீபாவளிக்கு அம்மா அந்தப் பச்சைக் குழாயின் மேலும் சந்தனம் குங்குமம் வைத்தாள். "மூத்தவ பேரு வாங்கிக் குடுத்துட்டாளே," என்றாள். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சந்தோஷமாக இருந்த கடைசி நாள் அது என்று நினைக்கிறேன். அன்றும் அப்பா காலையில் வாந்தி எடுத்தார். பலகாரம் சேரவில்லை என்றார்கள்.

பக்கத்துத் தெரு டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். பாதிரியார் ராத்திரி கண் விழிக்க வேண்டாம் என்றார். ஆளுக்கு ஒரு வைத்தியம். கார்த்திகையில் ஒரு நாள், எதையும் அளவு தப்பாமல் கடையும் கை லேத்தில் இடது சுண்டுவிரல் நுனியையே கொடுத்துவிட்டது. அதற்குக் கட்டுப்போட்ட நர்ஸ், இவர் கதவில் இடித்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுக் கண் டாக்டரிடம் அனுப்பினாள். அந்த டாக்டர் சின்ன விளக்கு ஒன்றால் அப்பாவின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைக்காமலே கேட்டார்.

"குனியறப்ப நாலஞ்சு செகண்டு கண்ணு இருட்டுமுங்களா? எத்தன நாளா?"

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஆடியிலிருந்துங்க."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலீங்களே," என்றாள் அம்மா, டாக்டரிடம். அவள் அதை என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருந்தது. தலைக்குள் ஒரு கட்டி வளர்ந்து உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்து, தலையை மழித்து, அவரை ஜன்னலோரக் கட்டிலில் போட்டிருந்தார்கள். முந்தின நாள் சாயந்திரம் அம்மா கஞ்சி வாங்கப் போனபோது, அப்பா என்னைப் பையிலிருந்து நோட்டை எடுக்கச் சொன்னார்.

"எழுது கண்ணு. தமிழ்லயே எழுது, ஃபாதர் இங்கிலீசுல மாத்திக்குவாரு. மொதல் தடவ போனது நெசம். அத அப்படியே உட்ருங்க. ரெண்டாவது தடவ நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்."

நான் எழுதவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எழுது சாமி. அன்னைக்கு நட்சத்திரம் மட்டும் போகல. கொழாய்க்குள்ள இருந்த அத்தனையும் போச்சு. பக்கத்து நட்சத்திரம், அந்தச் சாம்பலாட்ட ஒரு வெளிச்சம் இருக்குமில்ல, அதுவும். எல்லாமே இருட்டு. மேகமில்ல, என் கண்ணுதான். கூட்டத்துல கேட்டப்ப நான் பாக்கலீன்னு சொல்லிப்போட்டேன். பாத்தேன்."

எழுதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஃபாதர் உன்னையுங் கேட்டாராமா?"

"கேட்டாருங்க."

"என்ன சொன்ன?"

"இல்லீன்னு சொன்னனுங்க."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஸ்கேலைப் பிடிக்கும் அதே இரண்டு விரலால்.

"ரெண்டு பேருஞ் சேந்து ஒரு பொய்ய எழுதி அனுப்பீட்டோம் கண்ணு. இத நம்பி எவனாவது ஒருத்தன் எங்கியோ பனியில உக்காந்து கண்ண முழிச்சுட்டு இருப்பான். அது தப்பு."

கையெழுத்துப் போட்டார். கோணிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரி வாசலிலேயே சிவப்புப் பெட்டி இருந்தது. கவரும் ஸ்டாம்பும் நர்ஸே கொடுத்தாள். நான் கீழே இறங்கினேன், பெட்டியருகே நின்றேன், ஏறி வந்தேன்.

"போட்டாச்சா கண்ணு?"

"போட்டாச்சுங்கப்பா."

"செரி. இனித் தூங்கறேன்."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் முழுதாக விழிக்கவே இல்லை. தை பிறந்து நான்கு நாள் இருந்தார்.

மூன்று மாதம் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நடுவயதில் ஒரு மூளை டாக்டரிடம், யாரோ தெரிந்தவருடைய விஷயம் போல, கேட்டேன். அந்தக் காலத்தில் சொல்ல முடியாதுங்க என்றார். சொல்ல முடியாது என்பதற்கு என்ன முத்திரைத் தீர்வை என்று எனக்குத் தெரியவில்லை.

பச்சைக் குழாயை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து எடுத்துப்போனார்கள். கண்ணாடியைப் பாதிரியார் பத்திரப்படுத்தினார். அவர் மாற்றலில் போன ஊரோடு அதுவும் போயிற்று. டேப்பின் மேல் அந்த டிசம்பரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கவரை நான் பூகோளப் புத்தகத்தில் வைத்திருந்தேன். வீடு மாறும்போது அம்மா பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டாள். தடுக்க வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். தடுக்கவில்லை.

ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அவர் இருந்ததற்கு உலகத்தில் எங்கோ ஒரு லிஸ்டில் ஒரு வரி இருக்கிறது. அதை என் கையாலேயே அழிக்க மாட்டேன். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான ரத்துப் பத்திரங்களைக் கேள்வி கேட்காமல் பதிவு செய்து கொடுத்தவள் நான். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டாரா, வாரிசுகள் எல்லோரும் வந்திருக்கிறார்களா என்று கண்ணாடிக்கு மேலே பார்த்துக் கேட்பேன். என் வீட்டு வாரிசு மட்டும் வரிசையில் வந்து நிற்கவேயில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, மேகத்தைத் திட்டும் இன்றைய கூட்டம் ஒன்றில் போய்ச் சேர்ந்துகொண்டேன். எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள். கண்ணை வைத்து யாரும் பார்ப்பதில்லை, கேமராதான். படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. போன வாரம் அந்தக் கூட்டத்தை நடத்தும் பெண் டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதம் ஒரு சிறுகோள் நம் பக்கம் நட்சத்திரத்தை மறைக்கிறது என்றாள். பெயரைச் சொன்னாள். அப்பா பார்த்த அதே கல்.

"இதுக்கு ஒரு தொண கல்லு இருக்குதுன்னு பழைய ரிப்போர்ட் ஒண்ணு இருக்குதுங்க ஆன்ட்டி. அதுவும் எங்கிருந்துங்கிறீங்க? வெள்ளகோவில். அதனால பதினோரு பேரும் லீவு போட்டுட்டு, ரெண்டு நாள் முன்னாடியே போயிக் கேமராவ வரிசையா வெக்கப்போறோம். அந்தக் குட்டிய எப்படியாச்சும் புடிக்கோணுமுங்க."

பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். வரியை விரலால் தேடினேன். இடம். வருடம். முதல் மறைவு ஒன்பது வினாடி. இரண்டாவது நான்கு வினாடி, உறுதி செய்யப்படாதது. கண்ணால் பார்த்தவர்: ஒருவர்.

"பேரு எங்கம்மணி இருக்குது?"

"பேரெல்லாம் அப்ப ஏத்தலீங்க ஆன்ட்டி. இந்தக் காலத்து ரிப்போர்ட்டுக்குத்தான் பேரு. ஏனுங்க?"

நான் அவளை அனுப்பிவிட்டேன். நாற்பது வருடத்துக்கு மேல் நான் காவல் காத்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒருவர். அது செயலாளராக இருக்கலாம், தோட்டத்துக்காரராகக்கூட இருக்கலாம்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேகம் இல்லாதது, கண், டம்ளர், கவர். கடைசியில், "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்களே ஆன்ட்டி. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பதினோரு பேர் வெறும் இருட்டைப் பிடிக்க லீவு போடுகிறார்கள், அதனால் சொன்னேன் என்றேன்.

பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இப்போது இணையத்திலேயே எழுதலாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். திருத்தத்துக்கு ஒரு படிவம் இருக்கிறது, எனக்கு ஆச்சரியமில்லை. இறந்தவர் சார்பில் என்று ஒரு கட்டம் மட்டும் இல்லை. அவர் சொல்லி நான் எழுதியது வரிக்கு வரி நினைவில் இருந்தது. அதை அப்படியே ஆங்கிலத்தில் அடித்தேன். முதல் மறைவு உண்மை, அது இருக்கட்டும். இரண்டாவது, பார்த்தவரின் கண். மேலே, திரும்பப் பெறுபவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை இனிஷியலோடு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து, அடித்தேன்.

முந்தாநாள் அந்த வரியைத் திருத்திவிட்டார்கள். அவர் பெயர் அந்த லிஸ்டில் ஏறியிருப்பது இதுதான் முதல் தடவை.